சொல்ல முடியவில்லை: பன்னிரண்டு

ரவையும் வெல்லமும் அகாரும் காய்ச்சிப்
பால் பாட்டிலில் ஊற்றும்போதெல்லாம்
ஆறுச்சாமி தவறாமல் கேட்பார்:
‘கேசரிக்கு முந்திரி போடலீங்களா, டீச்சர்?’
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஆய்வகம்
அப்படித்தான் மணக்கும்,
பாதி கல்யாண வீடு, பாதி ஆஸ்பத்திரி.

சாதாரண ஈக்களுக்குச் செலவில்லை.
கள்ளு ஷாப்பின் பின்னால் அரைமணி நேரம்
பழத்தோல் போட்ட குப்பியை வைத்தால் போதும்.
கள்ளுக்கு அந்தப் பக்கம் தடை,
ஈக்கு இல்லை.
குறுஞ்சிறகு ஈக்கள் மட்டும்
கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில், என் மடியில்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
‘எந்தா இது?’ என்றார் ஒருவர்.
‘பறக்காத ஈ’ என்றேன்.
மோந்து பார்த்தார்.
என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

மணிக்கணக்குச் சம்பளத்தில் நான் நடத்துவது
மரபியலும் மூலக்கூறு பரிணாமமும்.
மூன்றாம் எழுத்து மாறினாலும்
அலனின் அலனின்தான் என்று விளங்கவைக்க
‘பழம்’ என எழுதி
எல்லோரையும் வாசிக்கச் சொன்னேன் ஒருநாள்.
பழம். பளம். பயம்.
‘எல்லாம் ஒரே குலை, பார்த்தீங்களா,
இதுதான் மௌனப் பிறழ்வு.’
கடைசி பெஞ்சிலிருந்து லெனின்தாஸ்:
‘பயம்னா வேற அர்த்தம், டீச்சர்.’
அதுவும் பாடத்தில் இருந்தது,
இரண்டு பக்கம் தள்ளி.

ஏப்ரலில் கணவாய்
அடுப்பு ஊதுகிற குழல்.
குளிர்பெட்டி பிப்ரவரியிலேயே நின்றுபோயிற்று.
அதற்கு எழுதிய கடிதம்
திருவனந்தபுரத்தில் எங்கோ மின்விசிறிக்கடியில் சுகமாயிருக்கிறது.
ஈரச் சாக்குக்கு அடியில், முப்பத்தோரு டிகிரியில்
இரண்டாம் தலைமுறை பிறந்தது.

முப்பது பேர் எண்ணினார்கள்.
இருபத்தொன்பது நோட்டில் மூன்றுக்கு ஒன்று,
மயிரிழை பிசகவில்லை.
சீனியர்கள் நோட்டிலிருந்து இறங்கி வந்த எண்.
யாரோ எப்போதோ ஒரு சொல்லில்
ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்கள்.
அது விட்டுப்போன ஏழு நோட்டும் ஒரு கிளை.
மரமே வரைந்துவிடலாம்,
யார் யாரிடமிருந்து, எந்த வருஷம் பிரிந்தார்களென்று.
வரைந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டாக.
பதினாறு வருஷம் பின்னே போய், அடிவேரில்
என் கையெழுத்து.

சபூராவின் நோட்டில் மட்டும் மூன்று கட்டம்.
சிறகுள்ளவை நூற்று எழுபத்தொன்று.
குறுஞ்சிறகு முப்பத்தொன்று.
ஸ்கேல் வைத்துப் பென்சிலில் கோடு இழுத்த மூன்றாவதில்
ஆங்கிலத்துக்கு நடுவே தமிழில்
‘சொல்ல முடியவில்லை: பன்னிரண்டு.’

வெயிலில் வளர்ந்தால் அந்தச் சிறகு நீளும்.
எனக்குத் தெரியும்.
சிலபஸில் இல்லாததால் சொல்லாமல் விட்டிருந்தேன்.

தேர்வுக்குத் திருச்சூரிலிருந்து வந்த பவித்ரன் சார்
நல்ல மனுஷர், ரயில் பிடிக்க வேண்டியவர்.
‘இந்த மூணாவது கட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கு?’
அவள் புத்தகம் எதையும் சொல்லவில்லை.
குப்பியை நீட்டினாள்.
ஈதரில் உறங்கியவற்றைத் தூரிகையால் விலக்கிவிட்டு
அவர் லென்ஸில் குனிந்தார்.
சிறகு என்றும் சொல்ல வராத,
இல்லை என்றும் தள்ள முடியாத
ஒரு கிழிசல் விளிம்பு.
அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததை.
ஒலவக்கோட்டில் ரயில் வந்து, போயிருக்கும்.

மயக்கம் தெளிந்த ஒன்று
மதிப்பெண் பட்டியல்மேல் நடந்து
சபூராவின் வரிசையில் நின்று
சட்டென்று விளிம்பைத் தாண்டிப் போயிற்று.
‘குதிச்சுதுங்க’ என்றார் ஆறுச்சாமி.
‘இல்ல, பறந்நு’ என்றார் சார்.
இருவரும் அவளைப் பார்த்தார்கள்.
அவள் பென்சிலை எடுக்கவில்லை.