முதல் பாயிண்ட்

அர்த்தநாரி சார் பேசுவதற்கு முன்
கண்ணாடியைக் கழற்றுவார்.
கழற்றினால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"முதல் பாயிண்ட்" என்று
ஆள்காட்டி விரலை உயர்த்துவார்.
பதினோரு வருடமாக இந்த மண்டியில் கணக்கெழுதுகிறேன்,
இரண்டாவது விரலைப் பார்த்ததில்லை.

நேற்று ஆத்தூர் லோடில்
ஜவ்வரிசி லேசாகப் புளித்த வாடை.
செவ்வாய்ப்பேட்டை வெயில் ஷட்டருக்கடியில் நுழைந்து
மூட்டைகள்மேல் படுத்திருந்தது.
உத்தரத்தைப் பார்த்தபடி சார் சொன்னார்:
"பேசிக்கலி, இதை நாம
மேக்ரோ லெவல்ல அணுகணும்."
"அணுகணும்" என்றார் முதலாளி.
நானும் தலையாட்டினேன்.
கூடவே ஒரு "ம்ம்" போட்டேன்,
பட்டம் வாங்கின "ம்ம்".

மாதேசன் குத்தூசியால் ஒரு மூட்டையைக் குத்தி
நாலு மணியை வாயில் போட்டு மென்றான்.
கண்ணை மூடினான். துப்பினான்.
"தெரியலைங்க.
இன்னொரு மூட்டை பாக்கணும்."

அந்தச் சொல்லை எங்கே இறக்கி வைப்பதென்று
மண்டியில் யாருக்கும் பிடிபடவில்லை.
"எக்ஸாக்ட்லி" என்றார் சார்,
"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்."

ராத்திரி பாயசம் கொதிக்கையில் மகள் கேட்டாள்:
"வெள்ளையா இருந்த ஜவ்வரிசி
வெந்ததும் ஏம்மா
அந்தப் பக்கம் தெரியுது?"
கிழங்கு மாவு என்பது வரைக்கும் தெரியும்.
விலை தெரியும், மூட்டைக்கு எத்தனை கிலோ என்று தெரியும்.

கை தானாகக் காதோரம் போனது.
கழற்றினேன்.
கரண்டியும் மகளும் அடுப்பும்
ஒரே ஆவியாகக் கலங்கினார்கள்.

விரல் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தது.