அந்த வளைவில் மெதுவாக

ஒன்பது வருடமாகக் கறுப்புக் கால்சட்டை மட்டும்.
ஓட்டுநர் இருக்கையில் மடித்த துண்டு.
லிஸ்பனில் எந்தத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில்
கழிப்பறை திறந்திருக்கும் என்பது
எஃபிஜேனியாவுக்கு மனப்பாடம்.

‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்றார் முதல் மருத்துவர்,
பழைய சோபாவைச் சொல்வதுபோல.

இன்று மணிக்கட்டில் ஒரு துளை,
கைக்கடிகாரம் மறைத்துவிடும்.
மயக்கமில்லை. திரையில்
தன் ரத்தம் கிளைபிரிவதைப் பார்க்கிறாள்.
‘அந்த வளைவில் மெதுவாகப் போங்கள்.’
டாக்டர் வாஸ் சிரிக்கவில்லை;
மெதுவாகத்தான் போகிறார்.

மணலினும் சிறிய மணிகள்
ஆரஞ்சளவுக் கட்டிக்குப் போகும் பாதைகளை
ஒவ்வொன்றாய் அடைக்கின்றன.

இரவெல்லாம் வலி.
பட்டினி போட்டால் எதுவும்
சத்தமில்லாமல் சாவதில்லை.

நான்காம் மாதம், ஒரு செவ்வாய்,
கடையில் வெளிர்மஞ்சள் பாவாடையைத்
தொட்டுப் பார்த்தாள்.

வாங்கவில்லை.
விலை அதிகம்.