சாவி பழையதே

ஈசூன். அடுக்குமாடிக் கார் நிறுத்தம், நாலாம் தளம்.
நெகட்டிவ் முனையைக் கழற்றியதும்
டாஷ்போர்டுக் கடிகாரம் செத்தது.

ஸ்டியரிங்கின் தாடைக்குக் கீழே மூன்று திருகுகள்.
ஒன்று கைநழுவி
சீட்டுக்கடியில் எங்கோ உருண்டது.
கிடக்கட்டும்.
சிஓஇ கணக்கில் இந்த வண்டிக்கு ஆயுள்
இன்னும் பதினான்கே மாதம்.
இரண்டு திருகு தாங்கும்.

பழைய சுவிட்சைப் பிளந்து பார்த்தேன்.
பித்தளை நாக்குகள் கருகியிருந்தன.
இந்த இத்துனூண்டுக் கரிக்காகவா
இரண்டு வருடம்
சாவியைப் பாதி திருப்பி
ஒரு மயிரிழை பின்னிழுத்து
மூச்சடக்கி
மறுபடி திருப்பினேன்?

அந்த வித்தை என் மணிக்கட்டுக்கு மட்டுமே தெரியும்.
"உனக்கு ஸ்டார்ட் ஆகாது மச்சான்" என்று
ஃபைரோஸை எத்தனை முறை
எம்ஆர்டிக்கு அனுப்பியிருப்பேன்.

புதியது டக்கென்று உட்கார்ந்தது.
பழக்கத்தில் கை பின்னிழுப்பதற்குள்
இன்ஜின் எழுந்துவிட்டது.
கேஷ்கார்டு எங்கே என்று ஈஆர்பி பெட்டி கீச்சிட்டது.
கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று சிமிட்டியது.
மணிக்கட்டு மட்டும்
வேலை போனவன்போல் சும்மா இருந்தது.

போன்.
ஃபைரோஸ்தான். சனிக்கிழமை ஜொகூர் போகணுமாம்.

முதலில் இன்ஜினை அணைத்தேன்,
அவன் காதில் விழாமல்.
பிறகு எடுத்து,
"அதையேன் கேட்கிறே" என்று ஆரம்பித்தேன்.