அரைத் திருகு

கோரிக்ஸாஸ் தாண்டிச் சாலையோரத்தில்
மூன்று மூட்டை மோப்பானே விறகு வாங்கினோம்.
நமீபியாவின் மேற்கில் இனி மரம் என்பது
வரைபடத்தில் மட்டும் பச்சை.
அப்படியே ஒன்று செத்துக் கிடந்தாலும்
அதன் சுள்ளியை ஒடிக்கக் கூடாது,
ஏதாவது ஒன்று அதில் குடியிருக்கும்.

மோப்பானே
இரும்புக்கு ஒன்றுவிட்ட தம்பி.
தூக்கினால்தான் தெரியும்.

கூரையில் போடலாம் என்றேன்.
"வண்டி கவிழ்வதற்கு நீயே போதும்" என்றாள் ஹில்யா.
சீட்டுக்குப் பின்னால் போடலாம் என்றேன்.
இம்பகொண்ட்யா பேசவில்லை,
சட்டைக் காலரை இறக்கிக் காட்டினான்.
போன வருடம் புரோஸ் பக்கம்
ஒரு பள்ளத்தில் பிரேக் போட்டபோது
பின்னாலிருந்த கட்டை ஒன்று
முன்னால் வந்து விசாரித்த இடம்.
ஏழு தையல்.

ஆகவே
கனத்த கட்டைகள் கீழே, தண்ணீர்ப் பீப்பாய்க்கு அணைவாக,
இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம்.
இடுக்குகளில் பழைய கம்பளி.
ஒவ்வொன்றையும் ஏற்றுமுன் தரையில் ஒரு தட்டு,
தேள் இறங்கிக்கொள்ள அவகாசம்.
மிச்சம் ஒரு மூட்டை
பின்கதவில், உபரிச் சக்கரத்தின் மேல்,
ஆரஞ்சுப் பட்டை போட்டு.

பட்டையை நான் நீவி நீவித் தட்டையாக இழுத்தேன்,
இஸ்திரி போட்டதுபோல் அழகாக இருந்தது.
ஹில்யா அவிழ்த்துவிட்டாள்.
"தட்டையாக விட்டால் காற்று அதில் வாய்வைத்து ஊதும்.
நாள் முழுக்க ஊதும்.
ஊதிய இடத்தில் அறும்.
அரைத் திருகு கொடு, ஊமையாகிவிடும்."
கொடுத்தேன்.
இரண்டு பட்டையில் ஒன்றுக்கு.

பிறகு அந்தச் சாலை.
வரிவரியாய், வரிவரியாய்,
துணி துவைக்கும் பலகையை
இருநூறு கிலோமீட்டருக்கு விரித்ததுபோல்.
வண்டிக்குப் பல் கிட்டிவிட்டது.
நாற்பது கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கி
பட்டையை இறுக்குவது என் வேலை.
இறுகக் கட்டியது என்று எதுவும் கிடையாது அங்கே,
கடைசியாக எப்போது இறுக்கினாய் என்பதுதான்.

மூன்றாவது நிறுத்தத்தில்
தூரத்தில் ஓரிக்ஸ் மான்கள் நின்றன,
கொம்புகள் மட்டும் கானலுக்கு மேலே.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
பார்த்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

ஹோஆனிப் ஆற்று மணலில்
இரவு எண்ணினோம். ஒன்று குறைந்தது.
பட்டையில் ஒன்று பாதியாய்த் தொங்கியது.
யாரும் என்னைத் திட்டவில்லை,
அது இன்னும் மோசம்.
கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து
எங்கள் நடுவில் உட்கார்ந்தது.
விடியுமுன் மூன்று மணிக்கு, ஒரு கட்டை தூரத்தில்
நெருப்பு தீர்ந்துபோனது.

மூன்றாம் நாள் திரும்பி வருகையில்
பாதை இரண்டாய்ப் பிரியும் இடத்தில்
கல்மேல் கல் அடுக்கி
நடுவில் எங்கள் கட்டை
நிமிர்ந்து நின்றது.

சுற்றிலும் ஆளில்லை.
கழுதைக் குளம்புகள்,
டயர் வெட்டித் தைத்த செருப்பின் தடம்,
அதைவிடச் சின்னதாய் இன்னொரு தடம்.
அவர்கள் போன திசையிலும் ஒரு சுள்ளி கிடையாது.
அவர்களுக்கும் அதே மூடுபனிதான் வந்திருக்கும்.

எடுத்தவர்களுக்குத்தான் சொந்தம், விட்டுவிடு என்றாள் ஹில்யா.
நமக்காக நிறுத்திவைத்ததை
எடுக்காமல் போவது அவர்களை அறைவதுபோல என்றான் இம்பகொண்ட்யா.
கால்மணி நேரம்.
வெயில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.
கடைசியில் எங்கள் மாவு மூட்டையும்
சர்க்கரைப் பொட்டலமும் கல்லடியில் வைத்தோம்.
யாருக்குக் கிடைக்குமோ, நரிக்குத்தான் கிடைக்குமோ.

"மடியில் வைத்துக்கொள்" என்றாள் ஹில்யா.
செஸ்ஃபோன்டெய்ன் வரைக்கும் வைத்திருந்தேன்,
தொடை மரத்துப்போக.

அறுந்துபோன என் ஆரஞ்சுப் பட்டையின் துண்டையும்
பொறுக்கி அதிலேயே கட்டியிருந்தார்கள்.
எனக்கு அவிழ்க்கத் தெரியாத முடிச்சு,
தூக்கிப் போக வசதியாய் ஒரு வளையம்.
ஜன்னல் திறந்திருந்தது,
வண்டி எண்பதில் போனது,
முகத்தில் மணலாய் அடித்தது காற்று.
வளையம் சத்தம் போடவில்லை.

குனிந்து பார்த்தேன்.
அரைத் திருகு.