ஒற்றை விசில்

குனிந்ததுதான் தப்பு.
சீட்டுக்கு அடியில் உருண்ட அஞ்சு ரூபாய்க்கு
நான் கை நீட்ட,
உள்ளே எவனோ டபுள் விசில் அடித்துவிட்டான்.

கிளம்பிவிட்டது.
ஸ்டாப் இல்லை, ஸ்டேஜ் இல்லை,
நான் கண்டக்டரும் இல்லை அதற்கு.

காங்கேயத்தில் ஒன்பது இருபதுக்கு எடுத்த வண்டி.
ஊதியூர் மலை இப்போதுதான் கிட்டத்தில் தெரிகிறது.
கழுத்தில் அங்கராக்குக் காலர் துடிக்கிறது.
"சில்லறை இல்லீங்களா" என்று கேட்பதற்குள்
மூச்சு பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

நிமிசத்துக்கு நூற்றுத் தொண்ணூறு.
மெடிக்கல் கடைப் பையன் ஒருநாள்
விரலில் கிளிப் மாட்டிச் சொன்னான்.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி,
படியில் தொங்கினவர்களையும் சேர்த்தே
நான் எண்ணியது நூற்றுப் பதினாறு.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும்.
தாளில் கோடு யோக்கியமாய் ஓடியிருக்கும்.
"நார்மல்ங்க. டென்சன் ஆகாதீங்க."
நான் டென்சன் ஆனதே அதற்கப்புறம்தான்.
"வரும்போது வாங்க" என்றார் இன்னொரு டாக்டர்.
டைம்கீப்பரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டா வருகிறது அது?

அவர்தான் ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்தார்.
வாயில் வைத்து ஊதுங்க, தண்டு நகர்ற வரைக்கும்,
பதினஞ்சு எண்ற வரைக்கும்.
அப்புறம் மல்லாந்து படுங்க,
காலை யாராவது தூக்கிப் பிடிக்கட்டும்.
இருபது வருசம் விசில் ஊதினவனுக்கு
ஊதச் சொல்லித் தருகிறார்.

சாந்தாமணி காபியை நிறுத்தினாள்.
ஃபிரிட்ஜில் ஒரு போசித் தண்ணீர், முகம் முக்க.
ராத்திரி, நான் தூங்கிவிட்டதாய் நினைத்து
மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறாள்.
எண்ணி முடிக்கட்டுமென்று
நானும் புரளாமல் கிடக்கிறேன்.

இன்றைக்கு டிரைவர் சென்னியப்பன்
கண்ணாடியில் பார்த்துவிட்டார்.
வண்டியை ஓரங்கட்டி
பாட்டை நிறுத்தினார்.
அவர் பாட்டை நிறுத்தி நான் கண்டதில்லை.
கடைசி நீளச் சீட்டில் அஞ்சு பேர் எழுந்தார்கள்.
முருங்கைக்காய்க் கட்டோடு வந்த அம்மா
என் குதிகால் இரண்டையும் கட்டின்மேல் தூக்கி வைத்து,
"ஒடைஞ்சா ஒடையட்டும் போங்க" என்றாள்.

ஊதினேன்.
கண்ணில் பொறி.
ஜன்னலில் ஒரு காற்றாலை
ஆடிக் காற்றுக்குப் பேயாய்ச் சுற்றுகிறது.
அதற்கும் எங்காவது பிரேக் இருக்கும்,
அத்தனை உயரம் எவன் ஏறிப் பிடிப்பான்?
தண்டு நகரவில்லை.
மறுபடி. பத்து, பதினொன்று,
நகர்ந்தது.

ஒரு துடிப்பு விடுபட்டது.
அந்த இடத்தில் நான் இல்லை.

பிறகு
டொப்.
டொப்.
ஒன்றுமே நடக்காததுபோல, தன் பாட்டுக்கு.

ஏழு நிமிசம்.
அதற்குள் பின்வண்டி ஆரன் அடித்துக்கொண்டே முந்திப் போனது,
எங்கள் கூட்டத்தையெல்லாம் ஸ்டாப் ஸ்டாப்பாய் வாரிக்கொண்டு.
சென்னியப்பன் ஒரு வார்த்தை திட்டவில்லை.
அதுதான் பயமாய் இருந்தது.

கோயமுத்தூர் போனால்
தொடை வழியாகக் கம்பி விட்டு
கரண்டு ஓடுகிற தப்பு வழியைச் சுட்டுவிடுவார்களாம்.
மறுநாளே வீட்டுக்கு வரலாமாம்.
போலாம் என்கிறாள் சாந்தாமணி.
நோம்பி முடியட்டும் என்கிறேன்.
எந்த நோம்பி என்று அவள் கேட்கவில்லை.

பொழுதோட தாராபுரத்தில் கணக்கு முடிக்கிறேன்.
நான் படுத்திருந்தபோது
யார் யாரோ பையைத் திறந்து, காசு போட்டு,
தாங்களே டிக்கெட் கிழித்திருக்கிறார்கள்.
மூன்று தடவை எண்ணிவிட்டேன்.
இரண்டு ரூபாய் கூடத்தான் வருகிறது.