தோளில் ஒரு கை

மே மாதம் என்கிறது நாள்காட்டி.
எம்டன் துறைமுகக் கால்வாய் நம்பவில்லை.
தண்ணீர் பதினொரு டிகிரி.
நிறம், நேற்று போட்டுக் குடிக்க மறந்த தேநீர்.

அதன் மேல் இரண்டு மீட்டர் உயரத்தில்
வலை கட்டிய கட்டம் தொங்குகிறது.
கீழே ஓக்கா,
துடுப்பைச் செங்குத்தாய் நிமிர்த்திப் பிடித்தபடி,
யாருக்கோ குடை பிடிக்கிறவள்போல.
ஆட்டம் முடியும்வரை பேசமாட்டாள்.

நாங்கள் ஐந்து பேர், அவர்கள் ஐந்து பேர்.
படகுகளின் மூக்குக்கு மெத்தை உறை,
முகத்துக்குக் கம்பிவலை,
விலாவுக்குத் தடித்த கவசம்.
இத்தனையும் எதற்கு என்றாள் அம்மா.
பந்து விளையாட என்றேன்.
அதற்குமேல் கேட்கவில்லை,
பல் காப்பீட்டுப் படிவத்தை மட்டும்
இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்டாள்.

விதி எளியது.
பந்து கையிலிருந்தால் ஐந்து நொடி.
அதற்குள் எறி, இல்லை ஒரு மீட்டராவது தள்ளிப் போடு.
அதுவரை எதிராளி
உன் தோளில் உள்ளங்கை வைத்துத் தள்ளலாம்.
கவிழ்ந்தால் உன் பாடு.

தோளில் கை என்றால் எனக்கு
ஃபென்னாவின் கைதான்.
மூன்று வருடம் ஒரே பேருந்து, ஒரே இருக்கை,
காதுக்கொன்றாய்ப் பகிர்ந்த ஒரே ஹெட்ஃபோன்.
பிப்ரவரியில் லேர் அணிக்குப் போய்விட்டாள்.
அங்கே படகெல்லாம் கார்பனாம்.
சேதி எனக்கு ஓக்கா வழியாக வந்தது,
அதுவும் பாதி வாக்கியமாக.

இரண்டாம் பாதி. மூன்றுக்கு மூன்று.
டோம்கே எறிந்த பந்து
என் கையில் வந்து ஒட்டிக்கொண்டது.
ஒன்று.
இடப்பக்கம் இன்ஸா கத்துகிறாள்.
இரண்டு.
மஞ்சள் தலைக்கவசம் ஒன்று நெருங்குகிறது.
அந்தத் துடுப்புவீச்சை எனக்குத் தெரியும்,
இடது கை எப்போதும் கொஞ்சம் சோம்பல்.
மூன்

தண்ணீருக்குள் தலைகீழாய்.
கால்கள் படகுக்குள், படகு வானத்துக்குள்.
மூக்கில் துறைமுகம் முழுதும் ஏறுகிறது,
டீசல், பாசி, கொஞ்சம் உப்பு.
யாரோ தலையணைக்குள் விசில் ஊதுகிறார்கள்.
பயமில்லை.
பயந்த காலத்தில், உள்ளூர் நீச்சல்குளத்தில்,
நாற்பது முறை கவிழ்ந்து கவிழ்ந்து
இடுப்பைச் சொடுக்கக் கற்றுக்கொண்டது உடம்பு.
அன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
என் படகைப் பிடித்திருந்தவள்...
சரி, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

சொடுக்கினேன். வெளிச்சம்.
பந்து போயிருந்தது.
நாலுக்கு மூன்று.

பிறகு ஒரு முறை அவள் கையில் பந்து.
நான் நொடி எண்ணவில்லை. தள்ளினேன்.
உள்ளங்கைதான், தோள்தான்,
ஆனால் எந்த விதியும் கேட்காத பலம் அது.
கவிழ்ந்த படகின் வெள்ளை வயிற்றைப் பார்த்து
எனக்கொரு சந்தோஷம், மறைக்க மாட்டேன்,
திருடித் தின்ற சர்க்கரைபோல.
அது கரைவதற்குள் எழுந்துவிட்டாள்,
கம்பிவலை வழியே தண்ணீரைத் துப்பியபடி.
"லேட்" என்றாள். "பந்தைப் போட்டாச்சு, லூசு."
உண்மைதான். பந்து அந்தப் பக்கம்
ஒரு வாத்துபோல மிதந்துகொண்டிருந்தது.
நடுவர் எனக்குப் பச்சை அட்டை காட்டினார்.

ஐந்துக்கு மூன்றில் தோற்றோம்.
ஓக்கா அப்போதுதான் வாய் திறந்தாள்,
பசிக்கிறது என்று சொல்ல.

பெண்கள் அறையில் ஒரே ஒரு ஷவர்தான் வேலைசெய்தது.
ஐம்பது சென்ட் போட்டால் நாலு நிமிடம் வெந்நீர்.
என் பையில் ஒரு சாவி, நசுங்கிய வாழைப்பழம்.
வரிசையில் எனக்கு முன்னால் அவள்.
தோளில் என் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

நாணயம் உள்ளே விழுந்தது.
குழாய் இருமியது, ஆவி கிளம்பியது.
சுவர்ப்பக்கம் அரை ஆள் இடம்விட்டு நகர்ந்தாள்.
"ரெண்டு நிமிஷம் உனக்கு" என்றாள்.
"இந்தத் தடவையாவது எண்ணு."